பதினோராம் அட்டையின் முதுகு

"அக்கா, அந்த அம்மா அன்னம் தானாத்தான் குரலைக் குடுத்துச்சா, இல்ல யாராச்சும் புடுங்கிக்கிட்டாங்களா?"

போன மாதம் மழலையர் பள்ளியில் கதை முடிந்ததும், முன்வரிசையில் சப்பணமிட்டிருந்த ஒரு சின்னப் பெண் என்னிடம் இப்படிக் கேட்டாள். அவளைச் சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. என் முகத்தையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.

வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது ஊருக்கே தெரியும். தெரியாத பதிலை எப்படித்தான் சொல்வது?

பதில் போன வாரம் கிடைத்தது. கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த அப்பாவின் வாயிலிருந்து தவறி விழுந்தது.

"உங்கம்மா சொல்லாம போனான்னு நெனச்சுக்கிட்டிருக்கே இல்ல? அத்தைதான் அவகிட்ட கேட்டுக்கிட்டா. ஒரு வார்த்தை பேசாம போயிடு, பேசினா பொண்ணு உன் பின்னாலயே வந்துரும்னு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. பனித் தள்ளியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "நாகி, இதை மனசுல வச்சுக்காதே" என்றார்.

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் நாட்டுச் சட்டப்படி, பிரிந்தால் பிள்ளை ஒரு வீட்டுப் பெயருக்குக் கீழேதான் இருக்க முடியும். நான் அப்பா வீட்டுப் பெயருக்குக் கீழே நின்றேன். அன்று காலை அம்மா எனக்கு மதியச் சாப்பாடு கட்டி வைத்தாள். டப்பாவைத் துணியில் முடிந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு வார்த்தைக்குக்கூட லாயக்கில்லாதவள் நான் என்று நினைத்தபடியே ஏழு வருடம் வளர்ந்தேன். நடுவில் ஒருநாள் வகுப்பில் எழுந்து பாடம் படிக்கச் சொன்னார்கள். வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் அக்கா, ஹிசானோ அத்தை.

அத்தையைத் தெரியாதவர்கள் எங்கள் வட்டாரத்தில் இல்லை. ஓய்வு பெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை. காமிஷிபாய் என்கிற படக்கதை நாடகக் குழுவுக்குத் தலைவி. அவள் எழுதிய 'குரலைத் தந்த அன்னம்' போன வருடம் மாநிலப் பரிசு வாங்கியது. படங்கள் வரைந்தது நான். சொற்கள் அவளுடையவை.

சின்னக் கதைதான். ஓர் அன்னக் குஞ்சு குரலில்லாமல் பிறக்கிறது. குரலில்லாத பறவையால் கூட்டத்தோடு பறக்க முடியாது. மூடுபனியில் ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டுதானே அவை தெற்கே போகின்றன? அதனால் தாய் தன் குரலைக் குஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது. வழியில் மூடுபனி. எல்லாப் பறவைகளும் கூவுகின்றன. தாயால் மட்டும் கூவ முடியவில்லை. அது பின்தங்கியது ஒருவருக்கும் தெரியவில்லை, இல்லாத குரலை யாரும் தேட மாட்டார்கள் என்பதால்.

குழந்தைகள் இந்தக் கதையை நன்றாகக் கேட்பார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். பெரியவர்கள்தான் அழுவார்கள். ஏன் என்று எனக்குப் பல நாள் புரியவில்லை. இப்போது புரிகிறது. பிள்ளைகள் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள், அவர்களுக்கு அது சாதாரணம். பெரியவர்கள் வாங்கி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்கள். பதினைந்து நிமிடம் அழுதால் கணக்குத் தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

அவர்களை அழவைத்துக் கைதட்டல் வாங்குகிறவள், என் அம்மாவின் வாயை மூடியவள்.

ஞாயிற்றுக்கிழமை நகர நூலகத்தில் பெரிய நிகழ்ச்சி. அதுவரை நான் பொறுத்திருந்தேன்.

காமிஷிபாய் அட்டைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. படம் கூட்டத்தைப் பார்த்திருக்கும். படிக்கிறவர் மரச்சட்டத்துக்குப் பின்னால் நின்று, அட்டைகளின் முதுகில் எழுதியிருப்பதைப் படிப்பார். முன்னட்டையை உருவிப் பின்னால் செருகினால், அதன் முதுகில்தான் அடுத்த படத்துக்கான வாசகம் இருக்கும். கடைசிப் படம் பன்னிரண்டாவது. அதற்கான வாசகம் பதினோராம் அட்டையின் முதுகில்.

வசந்தத்தில் குஞ்சு ஏரிக்கரையில் நின்று அம்மாவின் குரலிலேயே அம்மாவைக் கூப்பிடுகிற இடம் அது. அழுகை உடைகிற இடமும் அதுதான்.

சனிக்கிழமை மதியம் அத்தை கடைக்குப் போயிருந்தபோது, அந்த வாசகத்தின் மேல் வேறொரு தாளை ஒட்டினேன். அத்தையின் கையெழுத்து மாதிரியே, பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன். அத்தை படிக்கும்போது கண் எழுத்தின் மேலேயே ஓடும். நிறுத்தி யோசிக்க மாட்டாள். நூறு பேர் முன்னால், அவள் வாயாலேயே அது வெளியே வந்துவிடும்.

நான் எழுதியது இதுதான்:

'அம்மா குரலைக் கொடுக்கவில்லை. கூட்டத்தின் மூத்த அன்னம் அதை வாங்கிக்கொண்டது. பேசாமல் போய்விடு, பேசினால் குஞ்சு உன் பின்னால் வந்துவிடும் என்றது. அம்மா பேசாமல் போனாள். அந்த மூத்த அன்னம் இப்போது உங்கள் முன்னால் நின்று கதை படிக்கிறது.'

அன்று மாலை மீன் குழம்பு எனக்கு மிகவும் ருசித்தது.

ஞாயிறு காலை அத்தை கழுத்தில் கம்பளித் துண்டும் முகத்தில் மாஸ்க்குமாக மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"தொண்டை கட்டிக்கிச்சு" என்றாள். காற்றுதான் வந்தது.

நான் அட்டைக் கட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"கதை நாளும் அதுவுமா இப்படியா!" என்றார் அப்பா. "இஞ்சி போட்டுக் குடிச்சியாக்கா? பேசாம இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடுவோமா?"

அத்தை தலையை ஆட்டினாள். "அவ்ளோ பேர் வராங்க. வேண்டாம்னா எப்படி?" என்று கிசுகிசுத்தாள். "வண்டியை எடுடா மொரியோ. அங்க போய்ப் பாத்துக்கலாம்."

அப்பா மரச்சட்டத்தை வண்டியில் ஏற்றினார். அட்டைகளை நான் மடியில் வைத்துக்கொண்டேன். தெருவின் நடுவே பதித்த குழாய்களிலிருந்து தண்ணீர் பீறிட்டு, விழுகிற பனியை விழுந்த இடத்திலேயே கரைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரிலுள்ள இரும்பால் துருவேறிய சிவப்புத் தெரு. இரண்டு பக்கமும் ஆளுயரப் பனி.

"இந்தத் தண்ணி இல்லேன்னா நம்ம ஊரே புதைஞ்சிரும்" என்றார் அப்பா. பேச வேண்டிய விஷயம் இருக்கும்போதெல்லாம் அப்பா பனியைப் பற்றித்தான் பேசுவார்.

நூலகக் கூடத்தில் குழுப் பெண்கள் முன்பே வந்திருந்தார்கள். கொமியா அம்மா வரிசைக்கு ஒன்றாகக் காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளை வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கதைக்கு அவளைப்போல அழுகிறவர் கிடையாது.

"எங்க மாமியார் செத்தப்பகூட நான் இவ்ளோ அழல. இந்த அன்னத்துக்கு அழறேன் பாருங்க!"

"பாவம் உங்க மாமியார், அவங்களுக்கு றெக்கை இல்லாமப் போச்சே!" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

கொமியா அம்மாவைப் பெற்றவள் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். புத்தாண்டுக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பார்க்கும்போது அழுவதில்லையாம். நேரமில்லையாம்.

கூடம் நிறைந்தது. பிள்ளைகள் முன்னால் பாயில், பெரியவர்கள் பின்னால் நாற்காலியில். அத்தை சட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு மரக்கட்டைகளைக் கையில் எடுத்தாள். அவற்றைத் தட்டினால் கதை ஆரம்பம்.

அவள் தட்டவில்லை. என் பக்கம் திரும்பி, கட்டைகளை என் கையில் வைத்தாள்.

"நீ படி."

"அத்தை... என்னால முடியாது."

"ஏன் முடியாது?" அவள் வாய் என் காதை ஒட்டி இருந்தது. "வரைஞ்சது நீ. எழுதியிருக்கிறதும் உனக்குத் தெரியும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கூட்டத்துக்குக் குனிந்து வணங்கினாள். 'ஐயோ பாவம்' என்ற முனகல் எழுந்தது. பிறகு அவள் சட்டத்துக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

நான் கட்டைகளைத் தட்டினேன். இரண்டும் ஒன்றாகப் படாமல் அசிங்கமாகச் சத்தம் வந்தது. ஒரு பையன் சிரித்தான்.

முதல் அட்டையைப் படித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா!" என்றது ஒரு பிள்ளை. இரண்டாவதில் கொஞ்சம் கேட்டது. தாய் குரலைக் கொடுக்கிற அட்டை வந்தபோது கூடத்தில் அசைவில்லை. படிக்கப் படிக்க எனக்குள் ஏதோ கரைந்து வழிவிட்டது. கதை எனக்கு மனப்பாடம்தான். ஆனால் வாயால் சொல்லும்போது அது வேறு கதையாக இருந்தது.

பத்தாவது படம் மூடுபனி. வெறும் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கழுத்தை, சற்றே இடப்பக்கம் சாய்த்து, வரைந்திருந்தேன். அந்த இடத்தில் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்க வேண்டும், அத்தை எப்போதும் அப்படித்தான் செய்வாள்.

நிமிர்ந்தேன்.

கடைசி வரிசையில், கதவோரமாக, மாஸ்க் போட்டுக் கம்பளித் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்ட ஒரு பெண். முகம் தெரியவில்லை. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வரைந்த கழுத்து அங்கே உட்கார்ந்திருந்தது. யாரைப் பார்த்து வரைந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அம்மா.

பதினோராவது படம். அதையும் படித்தேன். எப்படிப் படித்தேன் என்று தெரியவில்லை. அட்டையை உருவிப் பின்னால் செருகினேன். நான் ஒட்டிய தாள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

பழைய வாசகத்தைச் சொல்லிவிட்டிருக்கலாம், பார்க்காமலே வரும். அத்தையைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணில் கவலை இல்லை, ஆச்சரியமும் இல்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தவள் காத்திருப்பதுபோல இருந்தது.

அப்போது வந்த கோபத்தில்தான் படித்தேன்.

"அம்மா குரலைக் கொடுக்கவில்லை."

கூடத்தில் ஒரு மூச்சிழுப்பு.

"கூட்டத்தின் மூத்த அன்னம் அதை வாங்கிக்கொண்டது. பேசாமல் போய்விடு, பேசினால் குஞ்சு உன் பின்னால் வந்துவிடும் என்றது. அம்மா பேசாமல் போனாள். அந்த மூத்த அன்னம் இப்போது உங்கள் முன்னால் நின்று..."

வாய் நின்றது.

உங்கள் முன்னால் நின்று கதை படிக்கிறது. இப்போது கூட்டத்தின் முன்னால் நின்று கதை படிப்பது யார்? நான்தானே! அத்தைக்காக வெட்டிய குழியின் விளிம்பில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மாஸ்க்குக்குப் பின்னால் அத்தை சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. கண்ணோரம் சுருங்கியது தெரியும்.

கையை நீட்டினேன். நேராக அவளை நோக்கி.

"அந்த மூத்த அன்னம் இங்கேதான் இருக்கிறது. இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது."

எல்லாத் தலைகளும் அத்தை பக்கம் திரும்பின. நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒரு முழு நொடி, உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அத்தை மெதுவாக எழுந்தாள். ஒரு கையைத் தொண்டையில் வைத்தாள். தலையை மிகத் தாழக் குனிந்தாள். அப்படியே நின்றாள்.

கொமியா அம்மா முதலில் உடைந்தாள். அப்புறம் அவள் வரிசை, அப்புறம் கூடம் முழுவதும். பெட்டிகளிலிருந்து தாள்கள் சரசரவென்று உருவப்பட்டன. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும்.

"அதனாலதான் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்களா, ஹிசானோ டீச்சர்!" கொமியா அம்மா ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன ஒரு நடிப்பு! குரலை வாங்கினவளுக்கே குரல் இல்லாமப் போச்சுன்னு காட்டிட்டீங்களே! பழைய முடிவைவிட இதுதான் டீச்சர், இதுதான்!"

"இவளும் எப்படிப் படிச்சா பாருங்க! வாயே திறக்காத பொண்ணு!"

என் முதுகை யார் யாரோ தட்டினார்கள். நான் எறிந்த கல்லைப் பொறுக்கித் துடைத்து, பூச்செண்டு மாதிரி அத்தையின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

பாயில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் கேட்டது. "அப்ப அந்தப் பாட்டிதான் கெட்ட அன்னமா?"

"ஷ்! அது கதைடா கண்ணு" என்றாள் அதன் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள். அவள் கைதட்டவில்லை, அழவுமில்லை. அந்தக் கூடத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டவள் அவள் ஒருத்திதான். மாஸ்க்கை இறக்கினாள். வாய் திறந்தது. பிறகு அத்தை நின்ற பக்கம் பார்த்தாள். மாஸ்க்கை மறுபடி ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பெண்களின் கைகளை விலக்கிக்கொண்டு நான் ஓடினேன். நடைபாதை தாண்டி வாசலில் செருப்பு மாற்றும் இடத்துக்கு வந்தபோது, கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டிருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் பூட்ஸைத் தேடினேன்.

"அவசரப்படாதே."

திரும்பினேன். அத்தை. மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"ஈரப் பூட்ஸ். நிதானமாப் போடு, கால் வழுக்கும்."

குரலில் கீறல் இல்லை, கட்டு இல்லை. தினமும் காலையில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்.

"எத்தனை வருஷமா அட்டையைக் கையில பிடிக்கிறவ நான்! ஒரு தாள் அதிகமா ஒட்டியிருந்தா அந்தக் கனம் எனக்குத் தெரியாதா?" என்றாள். "என் வாயால சொல்ல வைக்கப் பார்த்தே. உனக்குத்தான் வாய் இருக்கே, நீயே சொல்லட்டும்னு விட்டேன். சொல்லிட்டே. நல்லாவே சொன்னே."

நான் ஒரு பூட்ஸுக்குள் காலை நுழைத்தேன்.

"பொய்யில்ல. அப்படித்தான் சொன்னேன் அவகிட்ட. இன்னிக்கு அதே மாதிரி நடந்தாலும் அதையேதான் சொல்வேன். பிள்ளையை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் இழுத்தா கை பிஞ்சிடும். ஒருத்தர் விடணும். அவளை விடச் சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "கதையை வேற எங்கேருந்து எடுத்தேன்னு நெனச்சே?"

இன்னொரு பூட்ஸ்.

"இன்னிக்கு அவளை வரச் சொன்னதும் நான்தான். நேத்து அந்தத் தாளைப் பார்த்துட்டுத்தான் போன் பண்ணேன். பொண்ணு ஏதோ சொல்லணும்கிறா, வந்து கேட்டுட்டுப் போன்னு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு தடுமாற்றம்.

"ஒண்ணு மட்டும் சொன்னேன். பேசாம வா, பேசாம போன்னு."

மறுபடியும் அதே.

ஏழு வருடத்துக்கு முன்னால் வைத்த பூட்டை, சாவி கொடுக்கிற சாக்கில் இன்னொரு முறை பூட்டியிருக்கிறாள். அம்மாவும் அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறாள்.

என்னிடம் சொற்கள் இருந்தன, கூடம் கொள்ளாத அளவுக்கு. இந்தக் காலைக்குப் பிறகு வாயும் இருந்தது. அத்தை சொற்களுக்காகவே நின்றுகொண்டிருந்தாள். திட்டினால் தாங்குவாள், அழுதால் அணைத்துக்கொள்வாள், கேள்வி கேட்டால் பதில் வைத்திருப்பாள். நான் எதைச் சொன்னாலும் அதை அவள் கதையில் சேர்த்துவிட முடியும்.

பூட்ஸின் வாரை இறுக்கினேன். கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போட்டேன்.

"நாகி?"

கண்ணாடிக்கு வெளியே, படியிலிருந்து தெருவரை அம்மாவின் காலடிகள் பனியில் ஆழமாகப் பதிந்திருந்தன. தெருவில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு தடமும் இல்லை. இடப்பக்கம் போனால் ரயில் நிலையம். வலப்பக்கம் போனால் பேருந்து நிறுத்தம்.

"எங்கடி போறே? குடை எடுத்துக்கோ."

குடையை எடுக்கவில்லை.

"திட்டிட்டாவது போடி. நாகி! ஏதாவது சொல்லிட்டுப் போ!"

அவள் குரல் அப்போதுதான் உண்மையாகக் கட்டியது.

அவள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தேன். பிறகு கதவைத் தள்ளி, அம்மா எப்படிப் போனாளோ அப்படியே போனேன்.